மூன்றாம் வீட்டுக் கிரானைட் மேடை

போன மாதம் எங்கள் தொழிலில் இருக்கும் ஒரு தம்பி என் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினார். நாற்பது விநாடி. பின்னால் பாட்டு ஓடுகிறது. டிரோன் ஒன்று ஒரு மாடிக் கட்டடத்தைச் சுற்றி வந்து, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, வாசலில் இறங்குகிறது. "எட்டு போர்ஷன், எட்டும் ஃபுல்லு. பார்ட்டி துபாய்ல ரெடியா இருக்காரு. தேறுமா மேடம்?" என்று கீழே கேட்டிருந்தார். உள்ளே போய்ப் பார்த்தாரா என்று விசாரித்தேன். "வீடியோலயே எல்லாம் தெரியுதே மேடம்" என்றார்.

அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது போனில் அடங்கவில்லை. எங்கள் தரகர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டுச் செயலாளர் இரண்டு முறை நினைவூட்டியிருந்ததால் அதையே இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் செல்வி. வயது ஐம்பத்தாறு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த யூசுப் பாயின் அலுவலகத்தில் இருபத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். வாடகைக்கு விடுகிற கட்டடங்களைத் தேடிப் பிடித்து, வெளிநாட்டில் சம்பாதிக்கிறவர்களுக்கு வாங்கிக் கொடுப்பது பாயின் தொழில். ஒரே வீடாக இருப்பதை அவர் தொடமாட்டார். நான்கு குடும்பமாவது இருக்க வேண்டும். ஒரு வீடு காலியானாலும் மற்ற மூன்றில் அடுப்பு எரியும் என்பது அவர் கணக்கு. சென்ற தை மாதம் நான் வேலையை விட்டதற்குக் காரணம் முழங்கால். கடைசி வாரத்தில் நான் ஏறியது இருநூற்றுப் பன்னிரண்டு படி. எண்ணி எழுதி வைத்திருக்கிறேன்.

அதற்கு முன் பத்திரம் எழுதுபவர் ஒருவரிடம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பாய் அங்கே வருவார். ஒரு நாள் என் மேசை முன் நின்று, தன்னிடம் வேலைக்கு வர முடியுமா என்று கேட்டார். ஏன் என்னை என்றேன். "நான் போனா வாசலோட நிக்கணும். நீ போனா அடுப்படி வரைக்கும் போவ. வீடு அடுப்படியிலதான்மா இருக்கு" என்றார். பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா பார்ப்பதெல்லாம் ஒரு வருடத்தில் பழகிவிட்டது. அதை யாரும் கற்றுக்கொள்ளலாம். பாய் எனக்குப் பழக்கியது வேறு.

முதல் நாளே நூறு பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் கோடு போடச் சொன்னார். இடது பக்கத்துக்கு மேலே 'பார்த்தது', வலது பக்கத்துக்கு மேலே 'சொன்னது' என்று எழுத வேண்டும். வாடகை இவ்வளவு என்று உரிமையாளர் சொன்னால் அது வலது பக்கம். குடியிருப்பவர் சொன்னாலும் வலது பக்கம்தான். எட்டுக் கதவுக்கு மூன்று மின்சார மீட்டர்தான் இருக்கிறது என்றால் அது இடது பக்கம். ஒரு கட்டடத்துக்கு மூன்று முறை போக வேண்டும். முதல் முறை உரிமையாளரோடு. இரண்டாம் முறை விடியற்காலையில், மோட்டார் போட்டுத் தண்ணீர் பிடிக்கிற நேரத்தில். மூன்றாம் முறை மழையில். மழைக்காலம் இல்லையென்றால் மழையைப் பற்றிப் பக்கத்துத் தெருவில் கேட்க வேண்டும். அதே தெருவில் கேட்கக் கூடாது.

பாய் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் வந்து சொல்வதைக் கேட்டுக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். துடைத்து மாட்டியதும் ஒரே கேள்வி: "பாத்தியா, சொன்னாங்களா?" பெரும்பாலும் வேறு ஒன்றும் கேட்கமாட்டார்.

செம்மண்டலத்தில் ஒரு வரிசை வீடு. எட்டு வாசல். நான் தனியாகப் போய் எழுதி வந்த முதல் கட்டடம் அது. இடது பக்கத்தில், 'சுவர்களுக்குப் புது வெள்ளை. நல்ல பராமரிப்பு' என்று எழுதியிருந்தேன். எது வரைக்கும் வெள்ளை என்று பாய் கேட்டார். யோசித்துப் பார்த்து, இடுப்பளவுக்கு என்றேன். கண்ணாடியைத் துடைத்தார். "ஏம்மா, இடுப்புக்கு மேல செவுரு அழுக்கே ஆவாதா?" என்றார். பக்கத்துத் தெருவில் கேட்டேன். கார்த்திகை மழையில் தண்ணீர் உள்ளே புகுந்தால் அங்கே கட்டிலை இன்னொரு கட்டில் மேல் தூக்கி வைப்பார்களாம். அந்தக் கட்டடத்தை விட்டுவிட்டோம். 'பராமரிப்பு' என்பது நான் பார்த்ததல்ல, நானாக நினைத்துக்கொண்டது. நினைத்ததற்கு அந்த நோட்டில் இடம் கிடையாது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பண்ருட்டி இதற்கு நேர்மாறு. முந்திரி மூட்டை ஏற்றுகிற லாரிகள் நிற்கும் தெருவில் ஐந்து வீடு. வெளியே பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. பலாப்பழக் காலத்தில் ஈ மொய்க்கும். உரிமையாளருக்கே அதைக் காட்ட வெட்கம். மூன்று தரகர்கள் வந்து வாசலோடு திரும்பிவிட்டார்களாம். நான் உள்ளே போனபோது ஐந்து வாசலிலும் பெயிண்ட் டப்பாவில் கறிவேப்பிலைச் செடி. இரண்டு செடி என் தோள் உயரம். அதைப் பாயிடம் சொன்னதும் கண்ணாடியைத் துடைக்காமலே எழுந்துவிட்டார். காலி செய்கிற எண்ணத்தில் இருப்பவள் தோள் உயரத்துக்குச் செடி வளர்க்கமாட்டாள். வெளியே அசிங்கமாக இருந்ததால் விலை இறங்கியிருந்தது. உள்ளே இருந்தவர்கள் யாரும் நகரப்போவதில்லை. நல்ல பேரம் என்று நான் நினைப்பது இதைத்தான். அதை வாங்கியவர் இன்றுவரை அங்கே ஒரு வீட்டைக்கூடப் பதினைந்து நாளுக்கு மேல் காலியாக வைத்ததில்லை.

பண்ருட்டியில் எனக்குக் கிடைத்த இந்தத் தெளிவுதான் சிதம்பரத்தில் என்னைத் தவறு செய்ய வைத்தது.

ஏழு வருடம் ஆகிறது. வாங்குபவர் பாயின் மனைவியுடைய தம்பி இஸ்மாயில். சிங்கப்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருபத்தொரு வருடம் சமையல் வேலை. அம்மாவும் மனைவியும் இங்கே. ஊருக்கு வந்துவிட வேண்டும், மாதாமாதம் வாடகை வந்தால் அதில் குடும்பம் நடந்துவிடும் என்பது அவர் திட்டம். சேர்த்தது மொத்தத்தையும் ஒரே கட்டடத்தில் போடப் போகிறார். வேலையை விட்டுவிட்டால் அந்த வயதில் மறுபடி பர்மிட் கிடைப்பது கஷ்டம்.

சிதம்பரத்தில் ஆறு வீடுள்ள ஒரு கட்டடம் வந்தது. உரிமையாளர் தங்கராசு, சிமெண்ட் கடை வைத்திருந்தவர். ஆறு வீட்டுக்கும் தனித்தனி மீட்டர். தண்ணீர் நல்ல தண்ணீர். மழையில் போய்ப் பார்த்தேன், வாசல்படி நனையவில்லை. ஆறு வாடகை நோட்டுகளையும் தங்கராசு மேசைமேல் வைத்தார். மாதாமாதம் கையெழுத்து இருந்தது. வில்லங்கச் சான்று சுத்தம். மூன்றாம் வீட்டில் சுகந்தி என்ற பெண் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அடுப்படி மேடை கறுப்புக் கிரானைட், முகம் தெரிகிற மாதிரி பளபளப்பு. அழகாக இருக்கிறது என்றேன். தாங்களே போட்டது என்று பெருமையாகச் சொன்னாள். நான்காம் வீட்டில் பரணுக்குக் கதவு. ஆறாம் வீட்டில் குளியலறைக்கு டைல்ஸ். எனக்குப் பண்ருட்டிக் கறிவேப்பிலைதான் நினைவு வந்தது. இவர்கள் நீண்ட நாள் இருக்கப் போகிறவர்கள் என்று சந்தோஷப்பட்டேன். 'ஆறும் வாடகை' என்று இடது பக்கத்தில் எழுதினேன். நோட்டைத்தான் கண்ணால் பார்த்துவிட்டேனே.

பாய் வழக்கமான கேள்வியைக் கேட்டார். பார்த்தேன் என்றேன். முன்பணம் கொடுக்கப்பட்டது. இஸ்மாயில் கடையில் சொல்லிவிட்டு, ஒரு வழி டிக்கெட் போட்டார்.

பத்திரப் பதிவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பாய் பார்வைக்கு வைப்பதற்காகக் குறிப்புகளைச் சுத்தமான தாளில் நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். இடது பக்கத்தை வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன். மூன்றாம் வீடு, கிரானைட் மேடை, புதிது. நான்காம் வீடு, பரண் கதவு, தேக்கு நிறம். ஆறாம் வீடு, குளியலறை டைல்ஸ். கொஞ்சம் கீழே: மூன்று வாடகை நோட்டு எண்ணெய்க் கறை, மூலை சுருண்டவை, மூன்று, நான்கு, ஆறாம் வீட்டு நோட்டுகள் மட்டும் புதியவை. பேனா நின்றுவிட்டது. நான் ஒன்பது வருடம் வாடகை வீட்டில் இருந்தவள். ஒரு ஆணி அடிப்பதற்கு வீட்டுக்காரரைக் கேட்டிருக்கிறேன். குழாய் ஒழுகினால் அவர் மாற்றட்டும் என்று வாளி வைத்திருக்கிறேன். வீட்டைக் காலி செய்யும்போது பெயிண்ட் டப்பாச் செடியை வண்டியில் ஏற்றலாம். கிரானைட்டை ஏற்ற முடியாது. சுவரோடு சேர்த்து யார் செலவு செய்வார்கள்? போக்கியத்துக்கு இருப்பவர்தான்.

தொழிலுக்குப் புதியவர்களுக்காக ஒரு வரி. போக்கியத்துக்கு இருப்பவர் மாத வாடகை கொடுக்கமாட்டார். மொத்தமாக ஒரு தொகையை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டுக் குடியிருப்பார். போகும்போது அந்தத் தொகை முழுவதும் அவருக்குத் திரும்ப வர வேண்டும். பதிவு செய்யாத போக்கியம் வில்லங்கச் சான்றில் வராது. கட்டடத்தை வாங்குகிறவர் அந்தக் குடும்பங்களையும் சேர்த்து வாங்குகிறார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சிதம்பரம் போனேன். சுகந்தி குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மாறியது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை. இந்தக் கல்லுக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன். சொன்னாள். வாடகை வீட்டுக்கு இவ்வளவா என்றேன்.

"வாடக வூட்டுக்கு எவக்கா கல்லு போடுவா" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே புரிந்தது. குடத்தைக் கீழே வைத்தாள். "நீங்க பேங்க் ஆளுதானே? ஓனரு அப்டித்தான் சொன்னாரு. லோன் போடறேன், யாராச்சும் வந்து கேட்டா வாடகைன்னே சொல்லுங்க, பணம் வந்ததும் மொதல்ல ஒங்க மூணு பேருக்கும் திருப்பிடறேன்னாரு."

நான் பேங்க் ஆள் இல்லை, கட்டடம் விலைக்குப் போகிறது என்றேன். அவள் கொஞ்ச நேரம் கிரானைட்டைக் கையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதில் தூசி ஒன்றும் இல்லை.

"அப்ப எங்க பணம்?" என்றாள்.

பன்னிரண்டு மணிக்குக் கடலூர் திரும்பினேன். பாய் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நின்றபடியே கேட்டார். மூன்று போக்கியம் என்றேன். இடது பக்கத்தில் 'ஆறும் வாடகை' என்று எழுதியது என் தவறு என்றும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். நெடுநேரம் துடைத்தார்.

"பாத்தேன்னு சொன்னியேம்மா."

"நோட்டதான் பாத்தேன் பாய். வாடகைய பாக்கல."

"நோட்டு, அவரு எழுதி சொன்னது. அது வலது பக்கம்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. தொழுதுவிட்டு வந்து இஸ்மாயிலுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். நான் கேட்க வேண்டும் என்றுதான் வைத்தார் என்று நினைக்கிறேன்.

"மச்சான், டிக்கெட்ட மாத்த முடியுமா?"

"ஏன் மச்சான்? பெட்டியே கட்டியாச்சு. கடையில என் கரண்டிய வேற ஆளு புடிச்சிட்டான்."

பாய் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இஸ்மாயில், மூன்று வாடகையில் குடும்பம் நடக்குமா என்று கேட்டார். நடக்காது என்றார் பாய். மூன்று குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுக்க என்னிடம் வேறு பணம் இல்லையே மச்சான் என்றார் இஸ்மாயில். தெரியும் என்றார் பாய். "நீ கெளம்பி வா. இன்ஷா அல்லாஹ் பாத்துக்கலாம்." போனை வைத்துவிட்டு, என் நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து நாங்கள் இருவரும் சிதம்பரம் போனோம். பாய் தங்கராசுவைத் தனியாகப் பார்க்கவில்லை. சுகந்தி வீட்டுக்கு வரச் சொன்னார். நான்காம் வீட்டிலிருந்தும் ஆறாம் வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒரே அறையில் எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். தங்கராசு மட்டும் நாற்காலியில். பாய் போக்கியம் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. என் நோட்டைப் பிரித்து, இடது பக்கத்தை மட்டும் படித்தார்.

"மூணாம் வூடு. கிரானைட் மேட. இது யாரு போட்டது?"

"நாங்க" என்றாள் சுகந்தி.

"நாலாம் வூடு. பரணுக்குக் கதவு."

"நாங்கதான் பாய்" என்றார் நான்காம் வீட்டுக்காரர்.

"ஆறாம் வூடு. டைல்ஸு."

ஆறாம் வீட்டு அம்மாள் தான் கொண்டுவந்த முத்திரைத்தாளை எடுத்துத் தரையில் வைத்தாள். மற்ற இருவரும் தங்கள் தாளை எடுத்து வைத்தார்கள். மூன்றிலும் தங்கராசுவின் கையெழுத்து.

"பாய், இது எங்களுக்குள்ள இருக்கற விஷயம்" என்றார் தங்கராசு.

"வித்தா எங்களுக்குள்ளயும் வந்துடும்ல" என்றார் பாய், அதே குரலில். "நாங்க வேணாம்னு போயிடறோம். குடுத்த அட்வான்ஸ இப்ப திருப்பிக் குடுங்க."

அடுத்த மாதம் தருகிறேன் என்றார் தங்கராசு. முன்பணம் செலவாகிவிட்டது என்பது எல்லோருக்கும் அதில் தெரிந்தது. பாய் அதைப் பிடித்து இழுக்கவில்லை. வேறு வழி ஒன்றைச் சொன்னார். விலை பேசியதே விலை. ஒரு ரூபாயும் குறைக்க வேண்டாம். ஆனால் அதில் மூன்று குடும்பத்துக்கும் சேர வேண்டியதை வாங்குகிறவரே மூன்று டிராஃப்டாக எடுத்து, பதிவு அலுவலகத்தில் வைத்து அவரவர் கையில் கொடுப்பார். மீதிதான் தங்கராசுவுக்கு. பிறகு இருக்க விரும்புகிறவர் மாத வாடகைக்கு இருக்கலாம்.

"அப்ப எனக்கு என்னா நிக்கும்?" என்றார் தங்கராசு.

"ஒங்களோடது நிக்கும்" என்றார் பாய்.

அவர் சம்மதிக்க மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் என் டைரியில் வேலை விவரம் மட்டும் இருக்கிறது. வேறு எதையும் எழுதத் தைரியம் வரவில்லை. ஒரு மனிதரின் இருபத்தொரு வருடம் நான் எழுதிய இரண்டு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

பதிவன்று காலை இஸ்மாயில் நேராகப் பதிவு அலுவலகத்துக்கே வந்தார். குட்டையான மனிதர். முழங்கை வரை எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள். கூட்டம் குறைந்தபோது அவரிடம் போய், தவறு பாயுடையது அல்ல, நான்தான் தப்பாக எழுதினேன் என்று சொன்னேன்.

"நானும் உப்பு ஜாஸ்தி போட்டுருக்கேன்கா. எறக்கறதுக்கு முன்னாடி வாயில வெச்சு பாத்துட்டா சரி பண்ணிடலாம். நீங்க எறக்கறதுக்கு முன்னாடி பாத்துட்டீங்க" என்றார். பிறகு, "மச்சான்தான் பதினோரு நாளா எனக்குச் சோறு எறங்காம பண்ணிட்டாரு" என்று பாயைப் பார்த்துச் சொன்னார். மூன்று டிராஃப்டும் மூன்று கைகளுக்குப் போயின. சுகந்தி தன்னுடையதில் பெயர் சரியாக இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டு மடித்தாள்.

நான்காம், ஆறாம் வீட்டார் வாடகைக்கே தங்கிவிட்டார்கள். சுகந்தி ஸ்ரீமுஷ்ணத்துக்கு, கணவர் ஊருக்குப் போனாள். அங்கே பாதியில் நின்ற வீட்டுக்குத் தளம் போடுவதற்கு அந்தப் பணம் ஆயிற்று. கிளம்பும்போது கல்லைப் பெயர்த்து எடுக்கலாமா என்று கேட்டாளாம். இஸ்மாயில் வேண்டாம் என்று சொல்லி, அவள் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, அந்த மூன்றாம் வீட்டுக்குத் தானே குடிவந்தார். சமையல்காரருக்கு வேறெந்த வீடு பிடிக்கும்?

அதற்குப் பிறகு வேலையை விடும்வரை ஒரு பழக்கம் வைத்திருந்தேன். நகல் எடுப்பதற்கு முன், இடது பக்கத்தை வேறு யாரோ எழுதியது போல ஒரு முறை படிப்பேன். வீடியோ அனுப்பிய தம்பிக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். டிரோன் காட்டுவதில் பாதி வலது பக்கம்.

இதை எழுதுவதற்கு முன் ஒரு முறை அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. போன வியாழக்கிழமை பதினொன்றே கால் மணிக்குப் போனேன். கீழ்த்தளம்தான், படி இல்லை. இஸ்மாயில் அந்தக் கிரானைட் மேடையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கல் இன்னும் மங்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். உட்கார்ந்திருந்தபோது ஐந்தாம் வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு நாள்காட்டி.

"பாய், செவுத்துல ஒரே ஒரு ஆணி அடிச்சுக்கலாமா?" என்று கேட்டாள்.

இஸ்மாயில் என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். நடுவில் கோடு போட்டு, இடது பக்கத்தில் எழுதினேன்: ஐந்தாம் வீடு, வாடகை.